அது கண்ணீர் இல்லை, மூக்குக் குமிழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பகுதியில், பத்து எமோஜி முகங்களைக் கொடுத்து ஒவ்வொன்றின் கீழும் அதன் உணர்ச்சியை எழுதச் சொல்லியிருந்தீர்கள். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து பத்தையும் எழுதினாள். கடைசிப் பக்கத்து விடைகளோடு ஒத்துப் பார்த்தபோது இரண்டு தவறு. கண் மூடி, முகத்தில் ஒரு நீலத் துளியோடு இருக்கும் முகத்துக்கு அவள் 'தூக்கம்' என்று எழுதியிருந்தாள். உங்கள் விடை 'அழுகை'. மூக்கிலிருந்து புகை விடும் முகத்துக்கு 'பெருமை' என்று எழுதியிருந்தாள். உங்கள் விடை 'கோபம்'.

"நான் எழுதினது தப்பாம்மா?" என்று கேட்டாள். தப்பில்லை என்று அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லவே இக்கடிதம். பதினோரு ஆண்டுகளாகச் சென்னையில் ஜப்பானிய மொழி கற்பித்து வருகிறேன்.

அந்த நீலத் துளி கண்ணீர் இல்லை. மூக்கிலிருந்து வரும் குமிழி. மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளில் ஒருவர் அயர்ந்து தூங்குகிறார் என்றால் மூக்கு நுனியில் ஒரு குமிழி ஊதிச் சுருங்கும். விழிக்கும்போது அது பட்டென்று உடையும். அதற்கு 'ஹனா சோச்சின்' என்று பெயர். ஹனா என்றால் மூக்கு, சோச்சின் என்றால் காகித லாந்தர். தமிழ் பேசும் ஜப்பானியக் கார்ட்டூன்களைப் பார்த்து வளர்கிற நம் குழந்தைகளுக்கு இது தெரிந்திருக்கிறது. கணினிகளும் கைப்பேசிகளும் பின்பற்றும் பொது எழுத்துத் தரமான யூனிகோடின் பட்டியலிலும் அந்த முகத்தின் பெயர் 'தூக்கம் வரும் முகம்' என்ற பொருளில்தான் இருக்கிறது. புகை விடும் முகத்துக்கு அங்கே 'வெற்றிப் பெருமிதம்' என்ற பொருளில் பெயர். ஆனால் அதைக் கோபம் என்று எண்ணியே உலகெங்கும் பலர் அனுப்புகிறார்கள் என்பதால், அந்த விடையை முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். முதலாவது முழுத் தவறு.

விடைகளைவிட என்னை வருத்தியது புதிரின் முன்னுரை. 'இமோஷன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது எமோஜி. எந்த மொழியும் தெரியாதவரும் படிக்கக்கூடிய உலகப் பொது எழுத்து' என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுமே சரியில்லை. 'எ' என்றால் ஜப்பானிய மொழியில் படம், 'மொஜி' என்றால் எழுத்து. இமோஷனுக்கும் அதற்கும் உள்ளது வெறும் ஒலி ஒற்றுமை. 1999இல் டோகோமோ நிறுவனத்தின் கைப்பேசி இணையச் சேவைக்காகக் குரிதா ஷிகெதகா 176 எமோஜிகளை உருவாக்கினார். ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும். வானிலை அறிவிப்புக் குறிகளிலிருந்தும் மங்காவின் குறிகளிலிருந்தும் அவர் வடிவங்களை எடுத்துக்கொண்டார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் அவற்றைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. 2010இல் யூனிகோடுக்குள் வந்த பிறகே எமோஜி உலகம் முழுவதற்கும் உரியதானது.

அதற்கு முன்பே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிறுத்தற்குறிகளை வைத்து முகம் செய்துகொண்டிருந்தார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டம்பர் 19 அன்று, வேடிக்கையாகச் சொன்னதற்கு அடையாளமாக :-) என்று போடலாம் என எழுதினார். தலையை இடப்பக்கம் சாய்த்தால்தான் அந்தச் சிரிப்பு தெரியும். வேடிக்கை இல்லாததற்கு :-( என்றார்; பின்னர் அது சோகத்தின் அடையாளமானது. இரண்டு முகங்களிலும் கண்கள் அதே இரு புள்ளிகள்; மாறுவது வாய் மட்டும். ஜப்பானில் 1986இல் தோன்றிய (^_^) தலை சாய்க்காமல் நேராகப் பார்க்கும் முகம். அழுகைக்கு (;_;). இங்கே வாய் இரண்டிலும் ஒரே கோடு, மாறுவது கண். இந்த வகைக்குக் 'காவ்மொஜி', அதாவது முக எழுத்து என்று பெயர்.

இது தற்செயல்தானா என்று யுகி மசாகியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். கண் சிரித்து வாய் சோகமாக இருக்கும் முகங்களையும், கண் சோகமாக வாய் சிரிக்கும் முகங்களையும் காட்டியபோது, ஜப்பானியர் கண்ணுக்கும் அமெரிக்கர் வாய்க்கும் அதிக மதிப்புக் கொடுத்தார்கள். உணர்ச்சியை அடக்கிக் காட்டும் சமூகத்தில், எளிதில் பொய் சொல்லக்கூடிய வாயைவிடக் கண்ணைப் பார்ப்பதே பயன் தரும் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஜப்பானில் 1974இல் பிறந்த கார்ட்டூன் பாத்திரமான ஹலோ கிட்டிக்கு வாயே கிடையாது. அமெரிக்காவின் மஞ்சள் ஸ்மைலியோ, 1963இல் ஹார்வி பால் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக 45 டாலர் வாங்கிக்கொண்டு வரைந்தது, முகம் பாதி வாய்தான்.

ஆனாலும் இதை 'ஜப்பானியர் இப்படி, மேலைநாட்டார் அப்படி' என்று சுவர் எழுப்பிப் பிரித்துவிடக் கூடாது. மங்காவின் பெரிய கண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாணியைப் பரப்பிய தெசுகா ஒசாமு டிஸ்னி படங்களில் மனம் பறிகொடுத்தவர். கடலைத் தாண்டிப் போன கண்கள் அங்கே வேறு உயிர் பெற்றுத் திரும்பி வந்தன.

'எந்த மொழியும் தேவையில்லை' என்ற உங்கள் வாக்கியத்துக்கு என் வகுப்பறையிலிருந்தே ஒரு மறுப்பு சொல்கிறேன். யூனிகோடால் உலகின் எழுத்துகளெல்லாம் கைக்கெட்டியதும், காவ்மொஜி செய்பவர்கள் கண்ணுக்கும் கன்னத்துக்கும் பொருந்தும் வடிவங்களை மற்ற எழுத்துகளிலும் தேடினார்கள். அப்படி நம் 'இ' அகப்பட்டது. சுழித்து வளையும் அதன் வடிவம் அவர்களுக்குக் கண்ணீர் ததும்பும் கண். (இ_இ) என்று கரும்பலகையில் எழுதினால் என் மாணவர்கள் யாருக்கும் முதலில் முகம் தெரிவதில்லை. "இ, இ" என்று வாசித்துவிடுகிறார்கள். அகரம் பழகிய கண் அப்படித்தான் வாசிக்கும். தமிழ் தெரியாத ஜப்பானியருக்கு அங்கே ஒலியே இல்லை, அழுகை மட்டும் இருக்கிறது. இதற்கு நேர்மாறானதும் உண்டு. 'எனக்கென்ன தெரியும்' என்று தோளைக் குலுக்குவதுபோல் மேலைநாட்டார் அனுப்பும் உருவத்தில், புன்னகைக்கும் முகமாக இருப்பது கதகனா என்னும் ஜப்பானிய எழுத்து வகையைச் சேர்ந்த 'ட்சு'. முதல்முறை அதைப் பார்க்கும் ஜப்பானியர் பலர் "ட்சு" என்றே படிப்பார்கள். எழுத்துத் தெரிந்தவருக்கு முகம் மறைகிறது, தெரியாதவருக்கு முகம் தெரிகிறது. இதைப் பொது எழுத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். 'தூக்கம்' என்று எழுதிய குழந்தைகள் இன்னும் பலர் இருப்பார்கள், அவர்களும் தாங்கள் தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஜப்பானியத் தொடக்கப்பள்ளியில், நன்றாக எழுதிய தாளில் ஆசிரியை சிவப்பு மையால் சுருள் வட்டம் வரைந்து சுற்றிலும் இதழ்கள் போட்டுப் பூவாக்கிக் கொடுப்பார், 'ஹனாமாரு' என்பார்கள். என் மகளின் பக்கத்தில் அந்த இரண்டு விடைகளுக்கும் நான் ஹனாமாரு போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோடம்பாக்கம், சென்னை.