காற்றில் சரி, ஒட்சிசனில் பிழை: நீங்கள் விற்ற சென்சர் பற்றிய புகார்

கல்கிசை,
26.02.2025

முகாமையாளர் அவர்கட்கு,
விற்பனை மற்றும் பராமரிப்புப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

கடந்த ஒக்டோபரில் உங்களிடம் ஒட்சிசன் அளவுமானி ஒன்றும் அதற்கான சென்சரும் வாங்கினேன். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன். உங்கள் தொழில்நுட்பவியலாளர் வந்து பொருத்தி, பரிசோதித்ததாகக் கையொப்பமிட்ட தாள் ஒன்றும் தந்துவிட்டுப் போனார். அந்தத் தாளில் இருப்பது ஒரேயோர் எண்: 20.9, காற்றில் உள்ள ஒட்சிசனின் சதவீதம். அதாவது, அறைக் காற்றில் காட்டி அளவைத் திருத்தியிருக்கிறார். அத்தோடு வேலை முடிந்தது. அன்றே நான் கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் பிழை. மற்றவையெல்லாம் உங்களுடையவை.

சுழியோடிகளுக்குச் சிலிண்டர் நிரப்பிக் கொடுக்கும் சிறிய அறை என்னுடையது. கொம்பிரசர் காற்றை உறிஞ்சும் வாயில் கலவைக் குழாயைப் பொருத்தி, அதற்குள் ஒட்சிசனை மெல்ல விடுகிறோம். குழாயின் மறுமுனையில் உங்கள் சென்சர் இருக்கிறது. திரையில் 32 சதவீதம் வரும்வரை வால்வைத் திருகி, அதே எண்ணில் நிறுத்திப் பிடிப்பதுதான் நைட்ரொக்ஸ், அதாவது ஒட்சிசன் கூட்டிய காற்று, கலப்பவனின் வேலை. ஒட்சிசனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்த எண்ணைத் தவிர எங்களுக்கு வேறு கண் கிடையாது.

பெப்ரவரி 16, ஞாயிறு காலை நான்கு சிலிண்டர்கள் நிரப்பினோம். தொடங்கியதிலிருந்து முடியும்வரை உங்கள் திரை 32ஐ விட்டு அசையவில்லை. எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. சிலிண்டரைக் கொண்டுபோகிறவர் வேறொரு கையடக்க மானியால் தானே அளந்து, அந்த எண்ணைச் சிலிண்டரின் கழுத்துப் பட்டியில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து வரும் ஆசிரியை ஒருவர் முதலில் அளந்தார். பேனாவைத் திறந்தவர் எழுதவில்லை. "அண்ணா, இது 36.4 என்கிறதே" என்றார். மீண்டும் அளக்கச் சொன்னேன். 36.4. அடுத்த சிலிண்டர் 36.2. கரையில் காத்திருந்த படகின் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிப் பையனை அனுப்பினேன்.

நான்கு புள்ளிதானே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். அவருக்காகக் கணக்கை எழுதுகிறேன். அன்று அவர்கள் இறங்கவிருந்தது 33 மீற்றர். அங்கே அழுத்தம் 4.3 பார். 32 சதவீதக் கலவையானால் ஒட்சிசனின் பகுதியழுத்தம், அதாவது அந்த அழுத்தத்தில் ஒட்சிசனின் பங்கு, 1.38 பார்; நாங்கள் வைத்திருக்கும் 1.4 என்ற எல்லைக்குள் அடங்கும். 36.4 ஆனால் அது 1.57. அவசரத்துக்குக்கூடத் தாண்டக் கூடாத 1.6க்கு மயிரிழைதான் மிச்சம். ஒட்சிசன் நஞ்சாகும்போது முன்னறிவிப்பு எதுவும் இல்லாமலே வலிப்பு வரலாம். வலிப்பு வந்தால் வாயிலிருந்து மூச்சுக்கருவி நழுவும். 33 மீற்றரில் அதன் பொருள் என்னவென்று நான் எழுதத் தேவையில்லை. 1917 பெப்ரவரியில் இதே கொழும்புக் கடலில், ஜெர்மனியர் விதைத்துவிட்டுப் போன கடற்கண்ணிவெடிகளில் மோதி ஊஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரண்டு கப்பல்கள் தாழ்ந்தன. மூழ்கிய கப்பல்களைப் பார்க்கப் போகிறவர்களின் முதுகில் இன்னொரு கண்ணியைக் கட்டி அனுப்புவது என் தொழில் அல்ல.

அன்று மாலையே சென்சரைக் கழற்றி, அது தரும் மின்னழுத்தத்தை அளக்க மல்டிமீற்றரில் வைத்தேன். காற்றில் 9 முதல் 13 மில்லிவோல்ட் தர வேண்டும் என்று அதனுடன் வந்த தாளே சொல்கிறது. தந்தது 6.1. அப்படியானால் சுத்த ஒட்சிசனில் 29 வந்திருக்க வேண்டும், வந்தது 21. நூறு என்று காட்ட வேண்டிய இடத்தில் எழுபத்திரண்டு. காற்றில் மட்டும் எப்படி 20.9 வந்தது என்றால், திருகாணியைத் திருப்பி வரவழைத்ததுதான். செத்துக்கொண்டிருக்கும் சென்சரையும் காற்றில் 20.9 சொல்ல வைக்கலாம். ஒட்சிசன் கூடக் கூடத்தான் அது பின்தங்குவது தெரியும். அந்தப் பரிசோதனையைத்தான் உங்கள் ஆள் செய்யவில்லை.

பழைய பதிவேட்டைப் புரட்டினால், நவம்பரில் இரண்டு மானிகளுக்கும் இடையில் அரைப் புள்ளி வித்தியாசம், ஜனவரியில் ஒன்றரை. நாங்கள் சந்தேகித்தது கையடக்க மானியை. புதிதாக வாங்கியதை யார் சந்தேகிப்பார்?

இதற்கு உங்கள் தொழில்நுட்பவியலாளர் சொன்ன காரணம் கொழும்பின் ஈரப்பதம். 30 பாகையில் காற்று முழுக்க நீராவியால் நிறைந்திருந்தாலும், அந்த நீராவி பிடிக்கும் இடம் மொத்த அழுத்தத்தில் நூற்றுக்கு நான்கைச் சுற்றித்தான். 32இல் அது ஒன்றரைப் புள்ளிகூட வராது. இங்கே போனது நாலரை. நாங்களும் இந்த ஊரில்தான் வியர்க்கிறோம்; ஈரப்பதத்தின் தலையில் இவ்வளவையும் கட்ட வேண்டாம்.

உண்மையான காரணம் பெட்டியில் இருந்தது. உங்கள் விலை ஸ்டிக்கரின் ஒரு மூலை அதே ஈரப்பதத்தால் உரிந்து சுருண்டிருந்தது. நகத்தால் இழுத்தேன். அதன் கீழே உற்பத்தித் திகதி: 2022 ஜூன். எனக்கு விற்கும்போதே இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. இந்தச் சென்சருக்குள் இருக்கும் ஈயம், அலுமாரியில் கிடந்தாலும் ஒட்சிசன் பட்டுப் பட்டுத் தேய்ந்துகொண்டே இருக்கும் என்பது அதை இறக்குமதி செய்கிற உங்களுக்குத் தெரியாததல்ல. பெட்டியில் வேறு வெற்றிடம் ஏராளமாக இருக்க, ஸ்டிக்கர் சரியாக அந்த வரியின் மேல் ஏறியது தற்செயல் என்று நீங்கள் சொல்வதானால், எழுத்தில் சொல்லுங்கள்.

இன்னொன்று. 40 சதவீதத்துக்கு மேற்பட்ட கலவையைக் கொம்பிரசருக்குள் விட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு என்பதால், எச்சரிக்கை மணியை 38இல் வைத்திருந்தேன். உங்கள் சென்சர் 38 என்று சொல்வதற்குள் உள்ளே 40 எப்போதோ கடந்திருக்கும். நான்கு மாதம் அந்த மணியை நம்பி அதன் பக்கத்தில் நின்றிருக்கிறோம்.

பணத்தைத் திருப்பித் தாருங்கள், அல்லது உற்பத்தித் திகதி மறைக்கப்படாத புதிய சென்சரைத் தாருங்கள். பின்னதானால், காற்றிலும் சுத்த ஒட்சிசனிலும் வந்த மில்லிவோல்ட் அளவுகளை எழுதிய தாள் கூடவே வர வேண்டும். அன்று காலை திறந்துவிட்ட நான்கு சிலிண்டர் கலவைக்கும் படகு வாடகைக்குமான கணக்கு தனித்தாளில் இருக்கிறது. ஆனால் எனக்குப் பணத்தைவிட முக்கியமானது வேறு. இதே தொகுதியிலிருந்து வேறு யாருக்கெல்லாம் விற்றீர்களோ, அவர்களுக்கு இந்த வாரமே அறிவியுங்கள். மேற்குக் கடற்கரையில் ஏப்ரல் வரை சுழியோடுவார்கள். எல்லா நிரப்பும் அறையிலும் இரண்டாவது மானி இருக்குமென்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். பெட்டியையும் சென்சரையும் எடுத்துவர ஆள் அனுப்புவதாக உங்கள் அலுவலகம் நேற்றுச் சொன்னது. அனுப்ப வேண்டாம். இரண்டும் என்னிடமே இருக்கும். பார்க்க விரும்புகிறவர் மல்டிமீற்றருடன் இங்கே வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
பற்றுச்சீட்டில் பெயருள்ள வாடிக்கையாளர்