தண்ணி வடியக் கான் வெட்டத் தெரிஞ்ச நமக்கு சட்டியில ஓட்டை போடத் தெரியல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

நான் மலைநாட்டுல நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்து எழுதுறேன். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வர்ற வீட்டுத்தோட்டக் குறிப்பெல்லாம் வெட்டி எடுத்து வைக்கிற ஆளு நான். அதுல ஒன்னு, தடிச்ச எலையில தண்ணி சேத்து வைக்கிற சக்யுலன்ட் செடிக்கு வாரத்துக்கு ஒருக்கா தண்ணி ஊத்துனா போதும்னு போட்டிருந்துச்சு. போதும்தான், கொழும்புல. இங்க ஜூன் மாசத்துல அப்புடி ஊத்துனதுல என்னோட அஞ்சு செடியில நாலு போயிருச்சு. மிஞ்சுன ஒன்னைக் காப்பாத்த நான் பட்ட பாட்டைத்தான் எழுதுறேன், எடம் இருந்தா போடுங்க.

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போனப்போ மகள் ஆசைப்பட்டான்னு வாங்குனது. ரோசாப்பூ மாதிரி அடுக்கடுக்கா எலை வைக்கிற எச்சவேரியா மூணு, கரும்பச்சையில வெள்ளைக் கோடு போட்ட ஹவோர்த்தியா ஒன்னு, ஜேட் ஒன்னு. எல்லாம் வெள்ளைப் பீங்கான் கப்புல, மேல கலர்க் கல்லு பசை போட்டு ஒட்டியிருந்துச்சு. கப்பைத் திருப்பிப் பாத்தா அடியில ஓட்டையே இல்ல. வித்த தம்பிகிட்ட கேட்டா, "கொஞ்சமா ஊத்துங்க அக்கா, ஒன்னும் ஆகாது"ன்னார். நானும் நம்பிட்டேன்.

ஜூன்ல மழை புடிச்சிச்சா, அடி எலையெல்லாம் மஞ்சளாகி, வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியாத் தெரிய ஆரம்பிச்சு, விரல் பட்டாலே கழண்டு கையோட வந்துச்சு. மேல் எலை சுருங்கிப் போச்சு. பக்கத்து வீட்டு அக்கா பாத்துட்டு, "தண்ணி பத்தாம வாடுது, ஊத்து"ன்னாங்க, ஊத்துனேன். இங்கதாங்க எல்லாரும் ஏமாந்து போறது. தண்ணி இல்லாமலும் எலை சுருங்கும், தண்ணி கூடி வேரு அழுகிட்டாலும் சுருங்கும், ஏன்னா குடிக்கிறதுக்கு வேரே இல்லையே. மண்ணு காஞ்சிருந்து எலை சுருங்குனா ஊத்தலாம், மண்ணு ஈரமா இருக்கும்போதே சுருங்குச்சுன்னா ஒரு சொட்டுக்கூட ஊத்தக்கூடாது, உடனே பிடுங்கிப் பாக்கணும். நான் பிடுங்கிப் பாத்தப்போ வேரு கறுத்துப் போய், ரெண்டு விரலால புடிச்சு இழுத்தா மேல் தோலு வழுக்கிக்கிட்டு வந்து உள்ள நூலு மட்டும் நின்னுச்சு, அழுகுன உருளைக்கிழங்கு நாத்தம். நடுவுல நர்சரிக்காரங்க போட்ட சின்ன வலைக் கப்பு வேற, அதுக்குள்ள இருந்த தும்புத்தூளைப் பிழிஞ்சா தண்ணி வருது.

இந்தச் செடிங்க ஊரு எங்கன்னு பாத்தா வெளங்கும். எச்சவேரியா பெரும்பாலும் மெக்சிகோ, ஹவோர்த்தியா தென்னாபிரிக்கா. தண்ணியை எலையில சேத்து வச்சுக்கிட்டு, பகல்ல எலைத் துவாரத்தை மூடி ராத்திரியில தெறந்து மூச்சு விடுற சாதி. அங்க அது சரி. நம்ம ஊருல மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் பகலும் மிஸ்ட் (பனிமூட்டம்), ராத்திரியும் மிஸ்ட், வெயிலும் இல்ல, செடி எப்புடித் தண்ணியைச் செலவழிக்கும்? மண்ணுக்குள்ள காத்து இருக்க வேண்டிய எடமெல்லாம் தண்ணி நெறைஞ்சு வேரு மூச்சு முட்டுது, அப்புறம் பூஞ்சணம் வந்து மிச்சத்தை முடிச்சிடுது. அதே ஜூலை, ஆகஸ்ட்ல ஊவாப் பக்கம் காஞ்ச காத்து அடிக்கும். பண்டாரவளையில இருக்குற என் நாத்தனார் அதே செடிக்கு பத்து நாளைக்கு ஒருக்கா ஊத்துறாங்க, ஜம்முன்னு இருக்கு. மலைநாடுன்னு ஒரே பேரு, ஆனா ரெண்டு எடத்துக்கும் ஒரே கணக்கு சரிவராது.

சரி, அழுகிப் போனா என்ன செய்யிறது. நாலு செத்தப்புறம்தான் எனக்கு வெளங்குச்சு. புது பிளேடை ஸ்பிரிட்ல தொடைச்சு, தண்டை அழுகுன எடத்துக்கு மேல வெட்டணும். வெட்டுன முகத்தைப் பாருங்க, நடுவுல ஊசி மொனை அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி தெரிஞ்சாலும் அது இன்னும் மேல ஏறியிருக்குன்னு அர்த்தம். பாவம் பாக்காம இன்னும் கொஞ்சம் வெட்டுங்க, சுத்தமா வெளிர்பச்சையா வர்ற வரைக்கும். நான் அஞ்சு தடவை வெட்டி, கடைசியில மிஞ்சினது ஒரு ரூபா குத்தி அளவுக்குத் தலை மட்டும்தான். கறுவாத்தூள் தடவச் சொல்றாங்க, நானும் தடவுனேன், ஆனா காய விடுறதுதான் உண்மையான மருந்துன்னு எனக்குத் தோணுது. மத்த ஊருல நாலு நாள்ல காஞ்சிருமாம், நம்ம மிஸ்ட்டுக்கு எனக்குப் பத்து நாள் ஆச்சு. வெறகு அடுப்புக்கு எட்டத்துல, சூடு லேசா வர்ற தட்டுல பேப்பர் விரிச்சு வச்சேன். வெட்டுன எடம் தக்கை மாதிரி காஞ்சப்புறம், காஞ்ச மணல் மேல சும்மா உக்கார வச்சுட்டேன். மூணு வாரத்துல ரோஸ் கலர்ல நூலு மாதிரி வேரு வந்துச்சு, அப்புறம்தான் மொதத் தண்ணி. கெட்டியா இருக்குற எலையையும் வீசாதீங்க, மணல் மேல போட்டா அதுலயும் குட்டி வரும், கண்ணாடியாப் போனது மட்டும் குப்பைக்கு.

தண்ணிக்கு நாளைப் பாக்குறதை நான் விட்டுட்டேன். வெளக்கமாத்துல ஒரு ஈர்க்கு உருவி சட்டியோட அடி வரைக்கும் குத்தி, கொஞ்ச நேரம் விட்டு எடுத்துப் பாப்பேன், ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தா ஊத்துறதில்ல. போன மழைக்காலத்துல ஒரு முழு மாசம் ஊத்தவே இல்லீங்க. ஊத்துற அன்னைக்கு காலையில, அடி ஓட்டையால தண்ணி ஓடுற மாதிரி நல்லா ஊத்திட்டு, கீழ வச்ச தட்டுல நிக்கிறதைக் கொட்டிடணும். ஸ்பிரேயரால மேல அடிக்கிறது ஆகாது, எலை நடுவுல தண்ணி நின்னு குருத்தே அழுகும்.

சட்டிக்கு நான் தயிர்ச் சட்டியைத்தான் எடுக்குறேன், ஆணியால மெதுவா ஓட்டை போட்டு. ஓட்டை இல்லாட்டி அடியில கல்லு போட்டா சரின்னு சிலர் சொல்றாங்க, அது தப்பு. தண்ணி வெளிய போறதில்ல, கல்லுக்கு மேல மண்ணுலதான் தங்கி நிக்கும். தோட்டத்து மண்ணு ஒரு பங்குன்னா மணலும் ஒடைச்ச செங்கல்லும் சேந்து ரெண்டு பங்கு, கொஞ்சம் அடுப்புக்கரி. அவ்வளவுதான் கலவை. மழை அடிக்காத, வெளிச்சம் வர்ற எடமா வைங்க, எங்க வீட்டுல இஸ்தோப்புல, அதாவது முன் தாழ்வாரத்துல, கண்ணாடித் தகரத்துக்குக் கீழ இருக்கு.

எங்க தாத்தா காலம் முச்சூடும் தேயிலை மலையில கான் வெட்டுனவரு. கான் அடைஞ்சா மரம் மஞ்சளாப் போகும்னு அவருக்குத் தெரியும். அவரு பேத்தி நான் ஓட்டை இல்லாத கப்புக்கு சல்லி குடுத்து வாங்கிட்டு வந்திருக்கேன் பாருங்க.

ஐயா, ஒங்ககிட்ட கேக்குறது ஒன்னுதான். அடுத்த தடவை இந்த மாதிரிக் குறிப்பு போடும்போது ஹட்டன், மஸ்கெலியா பக்கத்துக்கு எப்புடி, யாழ்ப்பாணத்துக்கு எப்புடின்னு ஒரு வரி சேத்துப் போடுங்க. செடி விக்கிறவங்களும் கப்புல ஒரு ஓட்டை போட்டுக் குடுத்தா புண்ணியமாப் போகும்.

மிஞ்சுன அந்த ஒரு எச்சவேரியா இப்ப மூணு குட்டி வச்சிருக்கு. மகள் இன்னும் ஸ்பிரேயரைத் தூக்கிக்கிட்டுத்தான் வர்றா, அதை அரிசி வாளிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
நோர்வூட்.