லண்டன் பேப்பரும் உன் பயமும்

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி சொன்னாள். கொஞ்ச நாள் மாடிப்படி ஏறாமல் இருக்கச் சொல். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்று தெரியும், இருந்தாலும் சொல். இங்கே லண்டன் ஹாரோவில் நாங்கள் மூவரும் நலம்.

காலேஜ் குழுவில் நீ போட்ட பேப்பர் தலைப்புக்கு அங்கேயே பதில் எழுதியிருப்பேன். அதற்குள் ரவி "கலாச்சாரம் போச்சு" என்று ஆரம்பித்துவிட்டான், அவனோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. அதனால் உனக்குத் தனியாக எழுதுகிறேன். பிரிட்டன் பள்ளியில் ஐந்து வயதுக்கே செக்ஸ் பாடம், உன் பொண்ணை அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பு என்கிறாய். இந்தத் தலைப்பு புதுசு இல்லைடா. 2008-ல் லேபர் கட்சி அரசு இந்தப் பாடத்தைக் கட்டாயமாக்கப் போகிறோம் என்றபோதும் இதே "ஐந்து வயது" கொட்டை எழுத்தில் வந்தது. கடைசியில் 2010 தேர்தல் நெருக்கடியில் அந்தப் பிரிவை மசோதாவிலிருந்தே எடுத்துவிட்டார்கள், இங்கிலாந்தில் கட்டாயமானது 2020 செப்டம்பரில்தான். ஆரம்பப் பள்ளியில் கட்டாயம் என்பதும் உறவுகள், உடல்நலம் பற்றிய பாடம்தான், செக்ஸ் பாடம் இல்லை: குடும்பம், நட்பு, யாரிடம் எதைச் சொல்லலாம், இப்படி. ஐந்து வயதில் என் பொண்ணு படித்தது என்ன தெரியுமா? உடம்பின் பாகங்களுக்குப் பெயர், உள்ளாடைக்குள் இருப்பது உனக்கு மட்டும் சொந்தம், யாராவது தொட்டால் நம்பிக்கையான பெரியவரிடம் சொல். நம்ம ஊரில் "குட் டச், பேட் டச்" என்று சொல்லித் தந்து, 1098-க்கு போன் பண்ணு என்று எழுதி வைக்கிறார்களே, அதேதான். அதை யாரும் செக்ஸ் பாடம் என்று சொல்லி முதல் பக்கத்தில் போடுவதில்லை.

இந்த நாட்டுப் பத்திரிகைகள் இதில் கைதேர்ந்தவை. 1986-ல் நடந்ததைச் சொல்கிறேன், கேள். டென்மார்க்கில் வந்த ஒரு சின்னப் புத்தகம், அப்பாவோடும் அப்பாவின் ஆண் துணைவரோடும் வாழும் ஐந்து வயதுச் சிறுமியின் கதை, கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களோடு. லண்டன் கல்வி ஆணையம் அதன் பிரதியை ஆசிரியர்களுக்கான மையம் ஒன்றில் வைத்திருந்தது, ஆசிரியர் கேட்டால் எடுத்துப் பார்க்கலாம். டேப்ளாய்டு என்கிற பரபரப்புப் பேப்பர்கள் அதற்குக் கண், காது, மூக்கு வைத்து, பள்ளிப் பிள்ளைகள் கையில் இந்தப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள் என்று எழுதின. வகுப்பில் யார் படித்தார்கள் என்று போய்ப் பார்க்க யாருக்கும் அவசரமில்லை. அடுத்த வருஷம் பிளாக்பூல் நகரில் நடந்த கன்சர்வேடிவ் கட்சி மாநாட்டில் அப்போதைய பிரதமர் தாட்சரே, பாரம்பரிய ஒழுக்கத்தை மதிக்கக் கற்க வேண்டிய பிள்ளைகளுக்கு ஓரினச் சேர்க்கையாளராக இருப்பது உரிமை என்று கற்றுத் தருகிறார்கள் என்று பேசினார். 1988 மே மாதம் பிரிவு 28 என்ற சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. உள்ளாட்சி அமைப்புகள் ஓரினச் சேர்க்கையை "ஊக்குவிக்க"க் கூடாதாம்.

இதில் வேடிக்கை, அந்தச் சட்டம் நேரடியாகப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தவே இல்லை, அதை மீறியதாக எந்த வழக்கிலும் ஒருவரும் தண்டிக்கப்படவும் இல்லை. ஆனால் ஆசிரியர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு பையனை ஓரினச் சேர்க்கையாளன் என்று கேலி செய்து அடித்தால்கூட, அதில் தலையிட்டால் நமக்கு வம்பு வருமோ என்று ஒதுங்கிப் போனவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் 2000-லும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-லும்தான் அதை நீக்கினார்கள். 2009-ல் அதே கன்சர்வேடிவ் கட்சியின் தலைவராக இருந்த டேவிட் கேமரன் தன் கட்சி சார்பில் மன்னிப்பும் கேட்டார். மன்னிப்பை எத்தனை பேப்பர் முதல் பக்கத்தில் போட்டிருக்கும் என்று நினைக்கிறாய்?

இப்படி எழுதிய 'தி சன்' பேப்பர் என்ன பண்ணிக்கொண்டிருந்தது என்றும் உனக்குத் தெரிய வேண்டும். 1970-லிருந்து 2015 வரை அதன் மூன்றாம் பக்கத்தில் மேலாடை இல்லாத பெண் படம். அதில் சில பெண்களுக்கு வயது பதினாறுதான், ஏனென்றால் 2003 சட்டம் வயதை 18 ஆக்கும் வரை அது குற்றமே இல்லை. முன்பக்கத்தில் "பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள்" என்று அலறல், தாளைத் திருப்பினால் பள்ளி வயதைத் தாண்டியும் தாண்டாத பொண்ணின் படம். அதே பேப்பர் 2009-ல் பதிமூன்று வயதுப் பையன் அப்பா ஆகிவிட்டான் என்று முதல் பக்கத்தில் அவன் முகத்தையே போட்டது. நாடே பாழாய்ப் போச்சு என்று அரசியல்வாதிகள் பேசினார்கள். பிறகு டி.என்.ஏ. பரிசோதனையில் அந்தப் பையன் அப்பாவே இல்லை என்று தெரிந்தது. அந்தப் பிள்ளையின் முகம் உலகம் பூராவும் போனது போனதுதான். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரியும்.

2011-ல் நாடீன் டோரிஸ் என்ற எம்.பி., ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தில் ஆணுறை மாட்டச் சொல்லித் தருகிறார்கள் என்று நாடாளுமன்றத்திலேயே பேசினார். தேசியப் பாடத்திட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் வாழைப்பழம் தலைப்புக்கு நன்றாக இருக்கிறதே.

சரி, பழங்கதை போதும். 2023 தொடக்கத்தில் வந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும், ரவிதான் அப்போதும் அனுப்பினான். பிரிட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் மான் தீவில் (Isle of Man) ஒரு பள்ளிக்குப் பெண் வேடமிடும் ஆண் கலைஞர் ஒருவர் பாடம் நடத்த வந்து, பாலினம் 73 என்றாராம், இரண்டுதான் என்ற பிள்ளையை வகுப்பை விட்டு வெளியே அனுப்பினாராம். பேப்பர்கள் குதித்தன. அந்தத் தீவு ஐக்கிய ராஜ்யத்தில் சேர்ந்ததே இல்லை, அதற்குத் தனிச் சட்டசபை, தனிப் பாடத்திட்டம், அதெல்லாம் யாருக்கு வேண்டும். மார்ச் மாதம் மிரியம் கேட்ஸ் என்ற எம்.பி., பள்ளிகளில் 72 பாலினம் சொல்லித் தருகிறார்கள், இன்னும் என்னென்னவோ என்று நாடாளுமன்றத்தில் கேட்க, பிரதமர் சுனக் பாடங்களை மறு ஆய்வு செய்ய உத்தரவிட்டார். மான் தீவுக் கதையோ, சுயேச்சையான விசாரணையில் நிற்கவில்லை. அதற்குள் அந்தப் பள்ளி ஊழியர்களுக்கு மிரட்டல் வந்து முடிந்திருந்தது.

பெற்றோர் கோபம் எல்லாமே பொய் என்று சொல்லவில்லை, அது வேறு விஷயம். பாடம் எடுக்க வெளியிலிருந்து வருகிற சில அமைப்புகள், தங்கள் பாடக் குறிப்புகளைப் பெற்றோருக்குக் காட்ட மாட்டோம், காப்புரிமை இருக்கிறது என்றார்கள். என் பிள்ளைக்கு என்ன சொல்லித் தருகிறாய் என்று கேட்டால் காட்டமாட்டேன் என்பது என்ன நியாயம்? 2025 ஜூலையில் வந்த அரசு வழிகாட்டுதல் அந்த வழியை அடைத்துவிட்டது. பெற்றோர் கேட்டால் பள்ளி காட்டியாக வேண்டும். இதைத்தான் பேப்பர்கள் பொறுமையாக விசாரித்து எழுதியிருக்க வேண்டும். அவர்களுக்கு 73 தான் கிடைத்தது.

பேப்பர்கள் எழுதாமல் விட்டதையும் சொல்கிறேன். இங்கிலாந்து, வேல்ஸில் 15 முதல் 17 வயதுப் பெண்கள் கர்ப்பமாவது 1998-ல் ஆயிரத்துக்கு 47 பேர் போல இருந்தது, 2018-ல் 17-க்கும் கீழே. காரணம் பல, பாடம் மட்டும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் 1999-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பாடமும் ஒரு பகுதி. இது எந்தப் பேப்பரிலும் கொட்டை எழுத்தில் வந்து நான் பார்க்கவில்லை. 2021-ல் பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் 32 பள்ளிகளுக்குப் போய் 900 பிள்ளைகளிடம் பேசியபோது, கேட்காமலே ஆபாசப் படம் அனுப்புவது தங்கள் மத்தியில் நடக்கிறது என்று பத்தில் ஒன்பது பெண் பிள்ளைகள் சொன்னார்கள். பாடத்தில் வேண்டியது கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள். உன் பேப்பரோ பாடம் அதிகம் என்கிறது. என் பயம் வகுப்பறை இல்லை, அடுத்த இரண்டு வருஷத்தில் அவள் கேட்கப் போகிற போன்தான்.

இந்த வருஷம் அவளுக்குப் பருவ மாற்றம் பற்றிப் பாடம் வருகிறது. பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு ஸ்லைடுகளைக் காட்டினார்கள், கல்பனா போய் வந்தாள். மாதவிடாய்ப் பக்கம் நமக்குப் பத்தாம் வகுப்பு உயிரியல் வாத்தியார் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போனாரே, அதைவிட நூறு மடங்கு தேவலை என்றாள். உன் பொண்ணுகளுக்கு யார் சொன்னார்கள், நீயா, உன் மனைவியா, யூடியூபா? கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுது.

பொங்கலுக்கு வர முடியாது, பள்ளி நாளில் லீவு போட்டால் இங்கே பெற்றோருக்கு அபராதம். ஈஸ்டர் விடுமுறைக்கு டிக்கெட் பார்க்கிறேன், ஏப்ரல் வெயிலில் திருச்சி. நுங்குக்குச் சொல்லி வை.

அன்புடன்,
முரளி