வெளியுறவு அமைச்சுக்கும் சட்ட அமைச்சுக்கும் ஒரு திறந்த மடல்: இணைய ஊடுருவலும் நம் இறையாண்மையும்

மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கும் அமைச்சுகளின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தகவல் தொழில்நுட்பப் பாதுகாப்பு குறித்து 2021 முதல் நம் சிங்கப்பூரின் தூதர் புர்ஹான் கஃபூர் தலைமையில் கூடிவந்த ஐக்கிய நாட்டு நிறுவனப் பணிக்குழு, 2025 ஜூலை 11ஆம் தேதி நியூயார்க்கில் தன் இறுதி அறிக்கையைக் கருத்திணக்கத்துடன் ஏற்றுக்கொண்டது. சரியாக ஒரு வாரம் கழித்து, யுஎன்சி3886 என்ற இணைய ஊடுருவல் குழு நம் முக்கிய உள்கட்டமைப்பைத் தாக்கி வருவதாக அமைச்சர் கா. சண்முகம் நாட்டுக்கு அறிவித்தார். முதல் செய்தியைப் பற்றி நான் பழகும் தமிழ் வட்டாரத்தில் யாரும் பேசவில்லை. இரண்டாவது செய்தி வந்ததும், "அதன் பின்னால் இருப்பது எந்த நாடு என்று ஏன் சொல்லவில்லை?" என்று எல்லாரும் கேட்டார்கள். என் கேள்வி வேறு. செய்தவர் யார் என்பதைச் சொல்லாமலேயே, செய்யப்பட்டது சர்வதேசச் சட்டத்தை மீறும் வகையைச் சேர்ந்தது என்று ஓர் அரசாங்கத்தால் சொல்ல முடியும். நாம் அதை ஏன் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை?

பெயரைச் சொல்லாததில் எனக்குக் குறையில்லை. 2018இல் நம் பொது மருத்துவக் குழுமமான சிங்ஹெல்த்தின் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் ஏறத்தாழ 160,000 பேரின் மருந்து விவரங்களும், அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அதில் அடங்கும். செய்தவர் யார் என்பது தெரியும், ஆனால் அதைப் பகிரங்கப்படுத்துவது நாட்டின் நலனுக்கு உகந்ததன்று என்று அரசாங்கம் பின்னர் விளக்கியது. பெரிய நாடுகளுக்கு நடுவே வணிகத்தை நம்பி வாழும் ஒரு தீவு அப்படி முடிவெடுப்பதை நான் புரிந்துகொள்கிறேன். பெயரை வெளியிடுவது கொள்கை முடிவு. ஆனால் ஒரு செயல் எந்த வகையைச் சேர்ந்தது என்பது சட்டக் கேள்வி. முதலாவதில் காட்டும் அடக்கத்தை இரண்டாவதிலும் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

ஐநா சாசனம் உட்பட சர்வதேசச் சட்டம் இணைய வெளிக்கும் பொருந்தும் என்பது 2013ஆம் ஆண்டிலேயே ஐநா வல்லுநர் குழு ஏற்றுக்கொண்ட ஒன்று. நாமும் 2021இல் நம் நிலைப்பாட்டை எழுத்தில் தந்தோம். உயிரிழப்போ பொருட்சேதமோ ஏற்படாவிட்டாலும், குறிவைத்து நடத்தப்பட்ட ஓர் இணையச் செயல் நம் முக்கிய உள்கட்டமைப்பை நீண்டகாலம் முடக்குமானால், சில குறிப்பிட்ட சூழல்களில் அதுவும் ஆயுதத் தாக்குதலுக்கு ஒப்பாகலாம் என்று அதில் கூறினோம். துணிவான, வரவேற்கத்தக்க வாசகம் அது. ஆனால் நமக்கு உண்மையில் நேர்ந்து வருவது அந்த உச்சத்திற்கு வெகு கீழே நடக்கிறது. மின்சாரத்தையோ தண்ணீரையோ நிர்வகிக்கும் ஒரு கட்டமைப்புக்குள் யாரோ நுழைகிறார், எதையும் துண்டிப்பதில்லை, மாதக்கணக்கில் ஓசையின்றி உள்ளேயே இருக்கிறார். இது நம் இறையாண்மையை மீறும் செயலா?

உலகம் இதில் பிளவுபட்டே நிற்கிறது. இணையச் செயல்களைப் பொறுத்தவரை, பிற நாட்டின் உள்விவகாரத்தில் வற்புறுத்தித் தலையிடக் கூடாது என்ற தடைக்கு அப்பால், இறையாண்மை மீறல் என்ற தனி விதி இல்லை என்று 2018இல் பிரிட்டனின் தலைமைச் சட்ட அதிகாரி வாதிட்டார். தன் கணினிக் கட்டமைப்புகளுக்குள் ஒரு நாடு அனுமதியின்றி ஊடுருவுவதே இறையாண்மை மீறலாகலாம் என்று அடுத்த ஆண்டு பிரான்ஸ் அறிவித்தது. இது வெறும் ஏட்டு விவாதமன்று. ஒரு செயல் சட்டமீறலாக இருந்தால்தான் பாதிக்கப்பட்ட நாடு எதிர்நடவடிக்கை, அதாவது மற்ற வேளைகளில் சட்டம் அனுமதிக்காத பதில் நடவடிக்கை, எடுக்கும் உரிமையைப் பெறுகிறது. இல்லையென்றால் கண்டனம் தெரிவிப்பது, தூதரக அதிகாரிகளை வெளியேற்றுவது போன்ற, எப்போதும் சட்டத்துக்கு உட்பட்ட வழிகள் மட்டுமே அதற்கு மிஞ்சும்.

உளவு பார்ப்பதை எந்த நாடுதான் செய்யவில்லை, எல்லையை இறுக்கமாக வரைந்தால் அது நம் கையையும் கட்டிவிடும் என்ற வாதம் அமைச்சுகளுக்குள் எழலாம். அது வலுவான வாதம். உளவைச் சர்வதேசச் சட்டம் நேரடியாகத் தடைசெய்யவில்லை என்பதும் உண்மை. ஆனால் தகவலைத் திருடுவதையும், பிற்காலத்தில் முடக்குவதற்காகக் குடிநீர் ஆலையின் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் நிரலை விதைத்து வைப்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அந்தக் கருவியை முடக்குவதற்கென்று விதைக்கப்பட்ட நிரலை உளவு என்று அழைப்பது பொருந்தாது. குறைந்தபட்சம் இந்த இரண்டாவது வகையாவது இறையாண்மை மீறல்தான் என்று நாம் அறிவிக்கலாம்.

மௌனத்துக்கும் சட்ட விளைவு உண்டு என்பதை நம்மைவிட நன்கு அறிந்த நாடுகள் குறைவு. பெட்ரா பிராங்கா தீவு யாருக்குச் சொந்தம் என்று மலேசியாவுடன் நமக்கிருந்த வழக்கில் 2008 மே 23ஆம் தேதி தீர்ப்பளித்த அனைத்துலக நீதிமன்றம், எதிர்த்தரப்பின் நடத்தை மறுமொழியைக் கோரும் நிலையில் மௌனமும் பேசக்கூடும் என்றது; அந்தத் தீவின் மீதான இறையாண்மை நமக்கு உரியதென்று முடிவானதில் அந்தக் கருத்துக்கும் பங்கு உண்டு. இணைய வெளிக்கான வழக்காற்றுச் சட்டம் இப்போதுதான் உருவாகி வருகிறது. நாடுகள் செய்வதும், அதைச் சட்டம் என்று கருதிச் சொல்வதும், சொல்லாமல் விடுவதும் சேர்ந்தே அதை வடிக்கின்றன. ஆற்றல் மிக்க நாடுகளுக்குத் தெளிவின்மை வசதியாக இருக்கலாம். நமக்கு அது வசதியன்று. கடல்சட்ட மாநாட்டுக்குத் தலைமை வகித்த டாமி கோ முதல் புர்ஹான் கஃபூர் வரை, பிறரை ஒரு மேசையில் அமர்த்தி விதிகளை எழுதவைத்த நாடு நம்முடையது. தலைமை நாற்காலியில் இருப்பவர் தன் கருத்தை அடக்கி வாசிப்பது முறைதான். அந்தப் பொறுப்பு இப்போது முடிந்துவிட்டது.

நம்மீது சுமையாக விழும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிற நாடுகளின் உரிமைகளுக்கு எதிரான செயல்களுக்குத் தன் நிலப்பரப்பு பயன்படுவதை அறிந்தும் ஒரு நாடு அனுமதிக்கக் கூடாது என்று 1949இல் கோர்ஃபு கால்வாய் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. தரவு நிலையங்கள் நெருங்கி நிற்கும் நம் தீவில், வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரிலிருந்து வேறொரு நாட்டின் மருத்துவமனை தாக்கப்படலாம். 2015இல் ஐநா வல்லுநர் குழு பரிந்துரைத்த 11 நெறிமுறைகளில், தன் நிலப்பரப்பை இப்படிப் பயன்படுத்த அனுமதிக்கக் கூடாது என்பது தன்னார்வக் கடமையாக இடம்பெற்றுள்ளது. அந்த நெறிமுறைகளை ஆசியானும் 2018இல் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. அந்தத் தன்னார்வக் கடமையைச் சட்டக் கடமையாகவே நாம் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. பிறரிடம் கோருவதை நாமும் சுமக்க முன்வந்தால்தான் நம் கோரிக்கைக்கு எடை கூடும்.

ஆகவே, அந்தப் பணிக்குழுவின் இடத்தில் ஐநா நிறுவும் நிரந்தர அமைப்பின் முன், 2021ஆம் ஆண்டு அறிக்கையை விரிவுபடுத்தி ஒரு புதிய நிலைப்பாட்டு ஆவணத்தைச் சமர்ப்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முக்கிய உள்கட்டமைப்புக்குள் சேதமின்றி நடக்கும் ஊடுருவல் எப்போது சட்டமீறலாகும், நம் மண்ணிலிருந்து எழும் தாக்குதல்களைத் தடுப்பதில் நம் கடமை எதுவரை என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் நேரடியான பதில் இருக்கட்டும். அதன் வரைவை நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வையுங்கள். பல்கலைக்கழகச் சட்ட அறிஞர்களிடமும், இந்தக் கட்டமைப்புகளை இரவும் பகலும் காத்துநிற்கும் பொறியாளர்களிடமும் கருத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவன்