பொட்டலத்தில் ஒரு வரி சேருங்கள்: உணவுத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொட்டல உணவு தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், லேபிளில் என்ன அச்சிட வேண்டும் என்று விதி வகுப்பவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் நாய் பத்து கிலோ எடை. போன வருடம் பையில் இருந்த சர்க்கரை இல்லாத சூயிங்கம் பாக்கெட்டைக் குதறித் தின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாந்தி, அப்புறம் கால் தள்ளாடியது, கூப்பிட்டால் திரும்பக்கூட முடியவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். எத்தனை துண்டு, ஒரு துண்டில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) எத்தனை கிராம் என்று மருத்துவர் கேட்டார். துண்டுக் கணக்கு ஓரளவு தெரிந்தது, கிராம் கணக்கு பாக்கெட்டில் எங்குமே இல்லை. குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

சைலிட்டால் மனிதர்களுக்குப் பல்லுக்கு நல்லது என்றே சேர்க்கப்படுகிறது. ஆனால் நாயின் கணையம் அதைச் சர்க்கரை என்றே எடுத்துக்கொண்டு இன்சுலினைக் கொட்டிவிடுகிறது, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை சரிந்து வலிப்பு வரைக்கும் போகலாம். நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இந்த ஆபத்து உண்டு, 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலே செயலிழக்கலாம். சில சூயிங்கங்களில் ஒரே துண்டில் ஒரு கிராம் வரை இருக்கிறது, அதாவது எங்கள் நாய்க்கு ஒரு துண்டே போதும். சில வேர்க்கடலை வெண்ணெய்களிலும் இது உண்டு, மாத்திரையை அதில் பொதிந்து நாய்க்குக் கொடுப்பவர்கள் எத்தனை பேர்! போதாததற்கு, சைலிட்டாலையே E967 என்றோ பிர்ச் சர்க்கரை என்றோ எழுதியிருந்தால் யாருக்குப் புரியும்?

இது மனிதர் சாப்பிடத்தானே, நாய்க்காகச் செய்யவில்லையே என்பீர்கள். சரி, துணி துவைக்கும் திரவமும் குழந்தைகளுக்காகச் செய்ததில்லை, ஆனாலும் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று அச்சிடுகிறார்கள், வீட்டில் குழந்தை இருக்கும் என்று தெரிந்ததால்.

எல்லாப் பொட்டலத்திலும் எச்சரிக்கை போடச் சொல்லவில்லை, போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள். உப்பும் மசாலாவும் சேராத ரொட்டி ஒரு துண்டு பெரும்பாலான நாய்களை ஒன்றும் செய்யாது. சாக்லேட் ஆகாது என்று பலருக்குத் தெரியும், அதிலும் கருப்புச் சாக்லேட் இன்னும் மோசம். எனக்குப் பெரிய கவலை வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும்தான். சூப் பொடி, சிப்ஸ், சாசேஜ் என்று எதெதிலோ இருக்கிறது. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்தக் குணம் போகாது, பொடியில் இன்னும் செறிவாகிவிடும். சோர்வும் வெளிறிய ஈறும் பெரும்பாலும் சில நாள் கழித்தே தெரியும் என்பதால், போன வாரம் கொடுத்த சாசேஜை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நான் கேட்பது இதுதான். சைலிட்டால், சாக்லேட், வெங்காயம், பூண்டு, உலர் திராட்சை உள்ள பொட்டலங்களின் முன்பக்கத்தில் நாய்க்கு ஆகாது என்று ஒரு சின்னம் போடுங்கள். சைலிட்டால் உள்ளதில் மட்டும் கூடுதலாக இரண்டு வரி: ஒரு துண்டில் அல்லது ஒரு கரண்டியில் எத்தனை கிராம் என்ற கணக்கு, நாய் தின்றுவிட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போகவும் என்ற அறிவுரை. அந்த கிராம் கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, எங்களுக்கும் தெரியும்படி அச்சிடுங்கள்.