நம்ம ஊர் டீம் நீந்தப் போவுது: தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சர்க்குலர்ல ரெண்டே வரியில எழுதி அனுப்புனேன், அதுக்கு எத்தன போன்! "என்ன சார், பிள்ளைங்கள ஆத்துல எறக்கப் போறீங்களாமே"ன்னு. தப்பு என்னோடதுதான், அதனால இப்ப வெவரமா எழுதுறேன், செத்த பொறுமையா படிங்க.

ஆத்துலயும் இல்ல, பிள்ளைங்களும் இல்ல. நம்ம ஊர் இளைஞர் மன்றத்து ஆளுங்க ஆறு பேரு, வர்ற ஞாயித்துக்கெழம தஞ்சாவூர்ல ஒரு நீச்சல் குளத்துல நிதி தெரட்ட நீந்துறாங்க. நாலு பேரு நம்மகிட்ட படிச்ச பசங்க, ஒருத்தரு மினிபஸ் டிரைவர், இன்னொருத்தங்க ஏழாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணோட அம்மா, பேர் போடாதீங்க சார்னு சொல்லிட்டாங்க (ஊருக்கே தெரியும், அது வேற விஷயம்). குளம் 25 மீட்டர், 40 நீளம் போனா ஒரு கிலோமீட்டர், ஆளுக்கு ஒரு கிலோமீட்டர், மொத்தம் 240 நீளம். நீளத்துக்கு ஒரு ரூபான்னு நீங்க எழுதிக் குடுத்தா 240 ரூபா, அவ்ளோதான் கணக்கு. சேர்ற பணம் ஆத்தங்கர ஊர்ப் பிள்ளைங்களுக்கு நீச்சல் கத்துக்குடுக்கப் போவுது, நம்ம ஆறாவது ஏழாவது பிள்ளைங்களும் அதுல சேத்தி.

திருவையாத்தச் சுத்தி காவேரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறுன்னு அஞ்சு ஆறு ஓடுது, ஆனா டீமுக்கு நீந்தத் தெரிஞ்ச பொம்பளைங்க அஞ்சு பேரத் தேடி கடைசியில ஒருத்தங்கதான் கெடச்சாங்க. நாங்கல்லாம் இடுப்புல சொரக்குடுக்கய கட்டிக்கிட்டு வாய்க்கால்ல கத்துக்கிட்டோம். 1994ல குற்றாலீஸ்வரன் பன்னண்டு வயசுல பாக் ஜலசந்திய நீந்துன சேதி வந்தப்ப எங்க தெருப் பசங்க எல்லாம் குளத்த விட்டு ஏறவே இல்ல, அடி வாங்குனதுதான் மிச்சம். இப்ப அந்தக் குளமும் தூந்துபோச்சு, கூட எறங்கி கத்துக்குடுக்கப் பெரியவங்களுக்கும் நேரமில்ல.

ஜூன் 12ல மேட்டூர் தொறந்தா மூணு நாலு நாள்ல கல்லணைக்குத் தண்ணி வந்துருது. அதுவரைக்கும் கிரிக்கெட் ஆடுன அதே மணல்லதான் பசங்க எறங்குறாங்க, மணல் அள்ளுன குழி தண்ணிக்கடியில எங்க இருக்குன்னு எவனுக்குத் தெரியும், மொழங்கால் தண்ணின்னு நெனச்சு அடுத்த அடி வச்சா ஆள் முழுகிரும். அதவிட மோசம் மதகு. ஷட்டருக்குக் கீழ விழுற தண்ணி உருண்டு திரும்ப உள்ளயே இழுக்கும், நல்லா நீந்தத் தெரிஞ்சவனயும் விடாது. நம்ம எட்டாவது பசங்க ரெண்டு பேரு மதகு மேலேருந்து குதிச்சு வீடியோ எடுத்தத நானே பாத்தேன். அவங்க அப்பாங்களுக்குத் தனியா சொல்லிட்டேன், இங்க எழுதல.

டீமப் பாத்துட்டு நாமளும் ஆத்துல பழகலாம்னு எந்தப் பிள்ளையும் கெளம்பிரக் கூடாது, அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். யாராச்சும் தண்ணியில தத்தளிச்சா கூட இருக்குறவன் குதிக்க வேணாம், சத்தம் போட்டு ஆளக் கூப்புடணும், வேட்டியோ துண்டோ வீசணும், கயிறு கட்டுன காலித் தண்ணிக் கேனு ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது, ஒருத்தர் 108க்கு அடிக்கணும். இத வீட்டுல ஒரு தடவ சொல்லிருங்க.

பிள்ளைங்கள வீடு வீடா வசூலுக்கு அனுப்பாதீங்க, எனக்குப் புடிக்காது. நோட்டு ஆபீஸ்ல இருக்கு, பத்து ரூபா குடுத்தாலும் எழுதி ரசீது தருவோம். குடுக்காட்டி ஒண்ணும் இல்ல, யார் குடுக்கலன்னு நான் பாக்கவும் மாட்டேன்.

கூட வந்து கைதட்டுறவங்க காலைல ஆறரைக்குப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துருங்க, மினிபஸ் ரெடி பண்ணியிருக்கு. பிள்ளைங்கள பெரியவங்க இல்லாம அனுப்பாதீங்க. சாப்பாடு அவங்கவங்க கட்டிக்கிட்டு வாங்க, புளிசாதம் நெறையா வந்தா எனக்கும் ஒரு கை. திரும்பி வர்றப்ப வண்டிய வேற ஆளு ஓட்டுவாரு, ஏன்னா நம்ம டிரைவர் அன்னிக்குப் பூரா தண்ணியிலதான் இருப்பாரு, நீச்சல் குளத்துத் தண்ணியதான் சொல்றேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்