பிக் ஸ்டாருக்கு ஓர் இடம் கொடுங்கள்: ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து ராக் குழுவான பிக் ஸ்டாரை, ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் உங்கள் மண்டபத்தில், இசைத் தாக்கத்துக்கான விருது என்று நீங்கள் வைத்திருக்கும் பிரிவில் அடுத்த வாய்ப்பிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். 1972-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பமான ‘நம்பர் 1 ரெக்கார்ட்’ ஒன்றே அதற்குப் போதும் என்பது என் வாதம். முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் ஆனவர்களைப் பரிசீலிப்பது உங்கள் விதி. அந்தக் கணக்கில் இவர்கள் 1997-லேயே தகுதி பெற்றுவிட்டார்கள். ஆனால் 2025 வரை நீங்கள் கௌரவித்தவர்களின் பட்டியலில் இந்தப் பெயர் இல்லை.

ராக் இசை வானொலியில் தானாக வந்து காதில் விழும் ஊர் எங்களுடையது அல்ல. இங்கே ஒரு ஆல்பம் இன்னொருவர் சொல்லித்தான் வந்து சேரும். ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவை உயிராக நினைக்கும் நண்பர் ஒருவர், “இவர்களுக்கு முன்னால் இதைக் கேள்” என்று சொல்லித்தான் பிக் ஸ்டார் எனக்குக் கிடைத்தது. பிற்பாடு கவனித்தபோது, உலகம் முழுக்க இந்த ஆல்பம் பெரும்பாலும் இப்படித்தான் பரவியிருக்கிறது என்று தெரிந்தது. அதன் பின்னணி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் ஒரு ரசிகனின் வரிசையில் அதை ஒருமுறை கேளுங்கள்.

நான்கு இளைஞர்கள். கிறிஸ் பெல்லும் அலெக்ஸ் சில்டனும் கிதார் வாசித்துக்கொண்டே பாடினார்கள். ஆண்டி ஹம்மல் பேஸ் கிதார், ஜோடி ஸ்டீவன்ஸ் டிரம்ஸ். ஜான் ஃப்ரை நடத்திய ஆர்டெண்ட் ஸ்டுடியோதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். ஒலிப்பதிவு எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்து, வாடிக்கையாளர்கள் போன பிறகு இரவில் அவர்களே பதிவுசெய்துகொள்ளவும் விட்டவர் ஃப்ரை. அந்தப் பகுதியில் இருந்த ஒரு பல்பொருள் அங்காடியின் பெயரைத்தான் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். ஆல்பத்தின் ஒலி இன்றைக்கும் பளிச்சென்று இருப்பதற்கு ஃப்ரைதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். கிதார் தந்தி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போதும் எதுவும் குழம்பாது. அதே ஆண்டில் வந்த பல புகழ்பெற்ற ஆல்பங்களை இப்போது போட்டால், நல்ல இசைதான், ஆனால் காலம் தெரிகிறது. இதில் தெரியவில்லை.

‘தர்ட்டீன்’ பாடலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். டிரம்ஸ் கிடையாது. அகூஸ்டிக் கிதார்கள், சில்டனின் குரல், பின்னால் மெதுவாக வந்து சேரும் ஹார்மனி. மொத்தம் இரண்டரை நிமிடம். பள்ளிக்கூடம் விட்டதும் உன்கூட வீடுவரை நடந்து வரலாமா என்று ஒரு பையன் கேட்கிறான். உன் அப்பாவிடம் என்னைத் திட்ட வேண்டாம் என்று சொல் என்கிறான். கடைசியில், உனக்கு விருப்பமில்லை என்றால் சொல்லிவிடு, நான் போய்விடுகிறேன் என்கிறான். அவ்வளவுதான் பாட்டு. இதைப் பாடியவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். 1967-ல் பாக்ஸ் டாப்ஸ் குழுவில், 16 வயதில், நடுத்தர வயது ஆளின் கரகரத்த குரலில் ‘தி லெட்டர்’ பாடலைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன வயதில் ஊர் ஊராக மேடை ஏறியவர். அந்தப் புகழையெல்லாம் விட்டுவிட்டு, 21 வயதில், கரகரப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தான் வாழாமல் விட்ட பதின்மூன்று வயதைப் பாடுகிறார். எனக்கு இந்தப் பாட்டு அப்படித்தான் கேட்கிறது. விடலைப் பருவக் காதலைப் பற்றி ராக் இசையில் ஆயிரக்கணக்கில் பாடல்கள் உண்டு. அந்த வயதுப் பையனை ஒரு துளியும் கேலி செய்யாமல், அவன் தயக்கத்தை அப்படியே மதித்துப் பாடியவை மிகக் குறைவு.

‘தி பேலட் ஆஃப் எல் கூடோ’ வேறு வகை. வியட்நாம் போருக்கு இளைஞர்களைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. யாராலும் என்னைத் திருப்பிவிட முடியாது என்று பாடும் இந்தப் பாட்டை அந்தப் பின்னணியில் கேட்டால் அதன் கனம் புரியும். முழக்கம் கிடையாது. யாரையும் எதிர்த்து முஷ்டி உயர்த்தவில்லை. அமைதியாக ஆரம்பித்து, பல்லவிக்கு வரும்போது குரல்கள் கூடுகின்றன, ஸ்டீவன்ஸின் டிரம்ஸ் அவற்றைத் தூக்கிக்கொண்டு போகிறது. மனம் உடைந்து கிடக்கும் நாட்களில் நான் போடும் பாட்டு இது. என்னைப் போலவே சொல்லும் ரசிகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கிறிஸ் பெல்லின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைச் சில்டனின் குழு என்றே நினைக்கிறார்கள். இந்த முதல் ஆல்பத்தின் ஒலியைக் கட்டியதில் பெல்லின் கைதான் அதிகம். ‘ஃபீல்’ பாடலில், அதாவது ஆல்பத்தின் முதல் நொடிகளிலேயே, தொண்டை கிழியப் பாடுவது அவர்தான். ‘ட்ரை அகெய்ன்’ பாடலில் கடவுளிடம் தாழ்ந்த குரலில், மறுபடியும் முயன்று பார்க்கிறேன் என்று சொல்வதும் அவர்தான். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம்! 

எங்கள் நாட்டின் பெயரிலும் இதில் ஒரு பாட்டு உண்டு. ஆண்டி ஹம்மல் எழுதிய ‘தி இந்தியா சாங்’. ஆல்பத்திலேயே லேசான பாட்டு இதுதான். அதில் வரும் இந்தியா எங்களுக்குத் தெரிந்த இந்தியா அல்ல, எங்கேயாவது கண்காணாமல் போய் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் மெம்ஃபிஸ் பையனின் கனவு. அப்படி எடுத்துக்கொண்டால் இனிமையாகவே இருக்கிறது.

சரி, இவ்வளவு நல்ல ஆல்பம் ஏன் விற்கவில்லை? இங்கேதான் உங்கள் கவனத்தைக் கேட்கிறேன். விற்பனையில் தோற்ற ஆல்பம் என்று இதைச் சொல்வது சரியல்ல. கடைக்கே போகாத ஆல்பம் எப்படித் தோற்கும்? ஆர்டெண்ட் வெளியிட்ட இசைத்தட்டுகளை விநியோகித்தது ஸ்டாக்ஸ் நிறுவனம். கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையில் அவர்கள் மன்னர்கள். ஆனால் வெள்ளை இளைஞர்களின் கிதார் இசையை எந்தக் கடையில் வைப்பது, எந்த வானொலியிடம் கொடுப்பது என்பது அவர்கள் பழகிய வேலையாக இல்லை. அதே 1972-ல் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தைக் கொலம்பியா இசை நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பழைய விநியோகஸ்தர்கள் போனார்கள், புதியவர்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. பில்போர்டு போன்ற இதழ்கள் பாராட்டி எழுதியிருந்தன. படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்கு வாங்க இசைத்தட்டு இல்லை. அப்போது பத்தாயிரம் பிரதிகள்கூட விற்கவில்லை என்றுதான் சொல்லப்படுகிறது. கேட்டுவிட்டு மக்கள் ஒதுக்கிய ஆல்பங்கள் உண்டு. இது அவற்றில் ஒன்று அல்ல.

அந்த ஏமாற்றம் பெல்லை உடைத்துவிட்டது. ஆண்டு முடிவதற்குள் குழுவை விட்டு விலகினார். 1978 டிசம்பர் 27 அன்று மெம்ஃபிஸில் கார் விபத்தில் இறந்தார், 27 வயதில். அவருடைய தனி ஆல்பம் வெளிவந்தது 1992-ல்தான். மற்ற மூவரும் 1974-ல் ‘ரேடியோ சிட்டி’ கொண்டுவந்தார்கள், அதற்கும் அதே கதி. அப்புறம் ஸ்டாக்ஸே திவாலானது. மூன்றாவது ஆல்பம் பதிவாகிச் சில ஆண்டுகள் கிடந்து 1978-ல் வெளிவந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் விருதுக்கான காரணம். 1986-ல் பாங்கிள்ஸ் குழு ‘ரேடியோ சிட்டி’யிலிருந்து ஒரு பாடலை எடுத்துப் பாடியது. 1987-ல் ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு சில்டனின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு எழுதியது, அதையும் ஆர்டெண்டிலேயே பதிவுசெய்தது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்து டீனேஜ் ஃபேன்கிளப் என்ற குழு இவர்களிடம் கற்றதை மறைக்கவே இல்லை. பாடகர் எலியட் ஸ்மித் ‘தர்ட்டீன்’ பாடலைப் பாடி வைத்துவிட்டுப் போனார். 1998-ல் தொடங்கிய ‘தட் 70’ஸ் ஷோ’ தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாடல் இந்த ஆல்பத்தின் ‘இன் த ஸ்ட்ரீட்’தான். பின்னர் அதை அந்தத் தொடருக்காகப் பாடிய சீப் ட்ரிக் குழுவை நீங்கள் 2016-ல் சேர்த்துக்கொண்டீர்கள். ஆர்.இ.எம். குழுவை 2007-ல் சேர்த்துக்கொண்டீர்கள். அதன் மைக் மில்ஸ், 2022-ல் ‘நம்பர் 1 ரெக்கார்ட்’ ஆல்பத்துக்கு 50 ஆண்டு ஆனபோது, ஜோடி ஸ்டீவன்ஸுடன் மேடையேறி அதை வாசித்தார். உங்கள் மண்டபத்துக்குள் இருப்பவர்களே யாரிடம் கற்றோம் என்று வெளியே கைகாட்டுகிறார்கள். தாக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

விற்பனை ஒரு தடையாக இருந்ததில்லை என்பதை நீங்களே காட்டியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் அதிகம் விற்காத வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவை 1996-ல் சேர்த்தீர்கள். ஸாம்பீஸ் குழுவினர் தங்கள் மிகச் சிறந்த ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே பிரிந்துவிட்டார்கள், அவர்களை 2019-ல் சேர்த்தீர்கள். இரண்டும் நல்ல முடிவுகள். உங்கள் வழக்கமான வாக்கெடுப்பில் பிக் ஸ்டார் பெரிய பெயர்களோடு மோதி வெல்வது கடினம், அது எனக்குப் புரிகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாக்களிக்கும்போது பிரபலம் முன்னால் நிற்கத்தான் செய்யும். ஆனால் இசைத் தாக்கத்துக்கான விருதை அந்த வாக்கெடுப்புக்கு வெளியே தேர்வுக் குழுவே தேர்ந்தெடுக்கிறது. இது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

அவசரத்துக்கும் காரணம் உண்டு. சில்டன் 2010 மார்ச் 17 அன்று போய்விட்டார், டெக்சஸில் ஒரு பெரிய இசை விழாவில் பிக் ஸ்டார் மேடையேற சில நாட்களே இருந்தபோது. அந்த நிகழ்ச்சி அஞ்சலிக் கூட்டமாக நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஹம்மல் இறந்தார். 2014-ல் ஜான் ஃப்ரை. அந்த நால்வரில் இன்று இருப்பவர் ஜோடி ஸ்டீவன்ஸ் மட்டும். கிதார் கலைஞர் லிங்க் ரேவுக்கு இந்த விருதைக் கொடுத்தது அவர் இறந்து 18 ஆண்டுகள் கழித்து. பாடகர் வாரன் ஸீவானுக்கு 22 ஆண்டுகள் கழித்து. இருவருக்கும் கொடுத்தது மிகச் சரி, ஆனால் அவர்கள் வந்து வாங்கிக்கொள்ள முடியவில்லை. இந்த முறை வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்கிறார். அரை நூற்றாண்டாக இந்தப் பாடல்களைக் கைவிடாமல், இளைய இசைக்கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக வாசித்தவர் அவர்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அடுத்த ஆண்டுக்கான கூட்டத்தில் பிக் ஸ்டாரை இந்தப் பிரிவில் எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் நால்வர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், கிறிஸ் பெல்லின் பெயரை விட்டுவிடாதீர்கள். ஜான் ஃப்ரையைப் பற்றியும் மேடையில் யாராவது சில வார்த்தைகள் பேச ஏற்பாடு செய்யுங்கள். அன்றைக்கு வாசிக்க ஒரே பாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், அது ‘எல் கூடோ’வாக இருக்கட்டும், டிரம்ஸில் ஜோடி ஸ்டீவன்ஸ் உட்காரட்டும்.

அன்புடன்,
பிக் ஸ்டாரின் தமிழ் ரசிகன் ஒருவன்